அர்மாட்டா ஏன் போர்முனைக்கு வரவில்லை?

“2015ல் மாஸ்கோ அணிவகுப்பில் டி-14 அர்மாட்டா டாங்கி வந்தபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. பத்து வருஷம் தாண்டியும் உக்ரைன் போர்முனையில் அதைக் காணோம். அது வெறும் காட்சிப் பொருளா? இந்தியா அதை வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அர்மாட்டா நல்ல டாங்கியா என்ற கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். உங்களை உறுத்துவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. இரண்டாம் உலகப்போரின் டி-34 டாங்கி காலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் டாங்கிகளைச் செய்து குவித்த நாடு, இப்படி ஒரு வண்டியை யோசித்து, வரைந்து, ஓட்டியும் காட்டிய பிறகு, அதை நூற்றுக்கணக்கில் செய்ய ஏன் முடியவில்லை? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் டாங்கி பழுதுபார்க்கும் வேலை. முதலில் டி-72, அப்புறம் டி-90, இரண்டும் ரஷ்ய வடிவமைப்பு. அர்மாட்டாவை நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆகவே டி-72 குடும்பத்தைப் பற்றி எழுதுவது கையில் கிரீஸ் பட்டுத் தெரிந்துகொண்டது. அர்மாட்டாவைப் பற்றி எழுதுவதில் மூன்று வகை உண்டு: படங்களில் கண்ணால் பார்க்கக்கூடியது, ரஷ்ய அதிகாரிகள் தங்கள் பெயரிலேயே சொன்னது, ஒரு மெக்கானிக்காக நான் கணிப்பது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அர்மாட்டா எதற்காகப் பிறந்தது என்று புரிய வேண்டுமானால் டி-72க்குள் ஒருமுறை உட்கார வேண்டும். மேலே சுழலும் டரட்டில் பீரங்கிக்கு இடது பக்கம் கன்னர், வலது பக்கம் கமாண்டர். நடுத்தர உயரம் உள்ளவரே முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியும். காலுக்கடியில் தரை மாதிரி இருக்கும் தகட்டுக்குக் கீழே ஒரு ராட்டினம் இருக்கிறது. அதில் வட்டமாக 22 கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் கீழே குண்டு, மேலே அதை உந்தித் தள்ளும் வெடிமருந்து. கன்னர் எந்த ரகக் குண்டு வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ராட்டினம் சுழன்று சரியான கூட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். பீரங்கி தானாக ஒரு கோணத்துக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். கூடு மேலே ஏறும், சங்கிலி முதலில் குண்டையும் அப்புறம் மருந்தையும் குழாய்க்குள் தள்ளும். எல்லாம் ஏழெட்டு வினாடியில். சுட்டதும் மருந்தின் உலோக அடிப்பாகம் மட்டும் கொதிக்கக் கொதிக்க மிஞ்சும். டரட்டின் பின்புறத்தில் ஒரு சின்னக் கதவு திறந்து அதை வெளியே எறிந்துவிடும். மருந்தின் மீதி உறை சுடும்போதே எரிந்துபோகும்படி செய்தது. கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டி அட்டை மாதிரி இருக்கும், நகத்தால் கீறலாம். அப்படிப்பட்ட உறைகள் 22ஐக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு மூன்று பேர் சண்டைக்குப் போகிறார்கள்.

இந்த அமைப்பின் லாபம் பெரியது, அதையும் சொல்ல வேண்டும். குண்டு போட நான்காவது ஆள் தேவையில்லை. ஆள் குறைந்தால் உள்ளிடம் குறையும், உள்ளிடம் குறைந்தால் அதைச் சுற்றிப் போட வேண்டிய கவசத்தின் எடை குறையும். டி-72 வெறும் 41 டன். அதே தலைமுறை மேற்கத்திய டாங்கிகள் ஐம்பது டன்னைத் தாண்டின. உயரமும் குறைவு, பாலங்களில் சுலபமாகப் போகும், ரயிலில் சுலபமாக ஏறும். நஷ்டம் எங்கே என்றால், ஆளும் வெடிமருந்தும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ராட்டினம்கூட வண்டியின் அடிவயிற்றில் இருப்பதால் நேரடியாக அடிபடும் வாய்ப்பு குறைவு. அதில் அடங்காமல் ஓட்டுநர் பக்கத்திலும் டரட்டின் சுவரோரத்திலும் சொருகி வைக்கும் மிச்சக் குண்டுகள்தான் எமன். டி-72ல் மொத்தம் நாற்பதுக்கு மேல் எடுத்துப் போகலாம்; 22 போக மீதியெல்லாம் ஆட்களுக்கு இடுக்கில்தான். உக்ரைன் படங்களில் டரட் தனியாகப் பிய்ந்து பக்கத்து வயலில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இந்த ஒரே அறை.

இன்னொரு நெருக்கடி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் குண்டு இன்று கன உலோகத்தில் செய்த ஒரு மெல்லிய ஈட்டி. அது நீளமாக நீளமாக துளைக்கும் ஆழமும் கூடும். டி-72ன் ராட்டினத்தில் குண்டுகள் படுக்கைவசமாக, மையத்தை நோக்கி அடுக்கப்படுகின்றன. ராட்டினத்தின் விட்டமோ வண்டியின் அகலத்தைத் தாண்ட முடியாது. அதனால் ஈட்டியின் நீளத்துக்கு ஒரு உச்சவரம்பு விழுந்துவிடுகிறது. டி-90ல் ராட்டினத்தைத் திருத்தி இன்னும் கொஞ்சம் நீளத்தைப் பிழிந்து எடுத்தார்கள். அதற்குமேல் போக வேண்டுமானால் வண்டியையே மாற்ற வேண்டும்.

ஆளையும் குண்டையும் பிரிக்க வேண்டும், நீண்ட ஈட்டிக்கு இடம் வேண்டும் என்பது சோவியத் வடிவமைப்பாளர்களுக்கு 1980களிலேயே தெரியும். அப்போது அங்கே மூன்று டாங்கிக் கூடங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. கார்கிவில் அலெக்சாண்டர் மொரோசோவின் டி-64, லெனின்கிராடில் டி-80, உரால் பக்கம் நிஸ்னி தாகிலில் டி-72. மூன்றிலும் ஒரே 125 மி.மீ. பீரங்கி. ஆனால் ஒன்றில் எதிரெதிர் பிஸ்டன் டீசல், ஒன்றில் விமானத்தில் இருப்பது போன்ற கேஸ் டர்பைன், ஒன்றில் டி-34 காலத்திலிருந்து வழிவழியாக வந்த வி-12 டீசல். ஒரே ராணுவத்துக்கு மூன்று வகை என்ஜின், மூன்று வகை உதிரிபாகம். பணிமனையில் நின்றவனுக்குத்தான் இதன் வலி தெரியும். அடுத்த தலைமுறைக்கும் மூன்று கூடங்களும் தனித்தனியாக யோசித்தன. கார்கிவில் ‘ஆப்ஜெக்ட் 477’ என்ற பெயரில் 152 மி.மீ. பீரங்கியோடு மாதிரி வண்டிகளே ஓடின. 1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது கார்கிவ் உக்ரைன் என்ற வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

ரஷ்யாவில் மிஞ்சியவற்றில் ஓம்ஸ்க் தொழிற்சாலை 1997ல் ‘கருங்கழுகு’ என்ற ஒன்றை வலையைப் போர்த்தித் தூரத்திலிருந்து காட்டியது. டரட்டுக்குப் பின்னால் தனிப் பெட்டியில் குண்டுகள், நடுவில் சுவர். எனக்கு அந்த யோசனை பிடிக்கும், ஏனென்றால் இருக்கிற வண்டியில் குறைந்த மாற்றத்தோடு ஆட்களைக் காப்பாற்றும் வழி அது. தொழிற்சாலை திவாலானது, கழுகும் அதோடு போனது. நிஸ்னி தாகில் எடுத்த வழி இன்னும் துணிச்சலானது. ‘ஆப்ஜெக்ட் 195’ல் டரட்டுக்குள் ஆளே இல்லை. குழு முழுவதும் முன்பக்கம் கவச அறைக்குள், மேலே 152 மி.மீ. பீரங்கி. மாதிரி வண்டிகள் செய்து வருஷக்கணக்கில் சோதித்தார்கள். 2010ல் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சராக இருந்த விளாதிமிர் பொபோவ்கின் நிதியை நிறுத்துவதாக அறிவித்தார். அந்த இடத்தில், சற்றே அடக்கமான செலவில், 125 மி.மீ. பீரங்கியோடு புதிதாகத் தொடங்கியதுதான் அர்மாட்டா. தலைமை வடிவமைப்பாளர் ஆந்திரே தெர்லிகோவ். அங்கிருந்து சிவப்புச் சதுக்கம் வரை ஐந்தே வருஷம். ஒரு டாங்கிக்கு ஐந்து வருஷம் என்பது தவழ்கிற வயது.

சரி, அர்மாட்டாவில் உறுதியாகத் தெரிவது என்ன? டரட்டில் ஆள் இல்லை. மூன்று பேரும் வண்டியின் முன்பக்கக் கவச அறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். குண்டுகள் டரட்டுக்கு அடியில் தனி அறையில், நடுவில் சுவர். டி-72 ஆறு சக்கரத்தில் ஓடும், இது ஏழு சக்கரம். எடை 55 டன் அளவுக்கு. பீரங்கி புதியது, 2ஏ82 வரிசை, பழைய ராட்டினத்தில் நுழையாத நீண்ட ஈட்டிக்காகவே செய்தது. தானியங்கியில் 32 குண்டு. இதே அடித்தளத்தில் என்ஜினை முன்பக்கம் வைத்து டி-15 என்ற கனரகக் காலாட்படை வண்டியையும் செய்து காட்டினார்கள். வடிவமைப்பு என்ற அளவில் இது நேர்மையான வேலை. டி-72க்குள் உட்கார்ந்த மூன்று பேருக்கும் கடைசியில் ஒரு பதில் கிடைத்தது.

‘ஆஃப்கானித்’ பாதுகாப்பு அமைப்பில்தான் உண்மையும் விளம்பரமும் கலக்கின்றன. டரட்டின் மூலைகளில் ரேடார் தகடுகள், அடிப்பகுதியில் பக்கத்துக்கு ஐந்து குழாய்கள். வரும் ராக்கெட்டைக் கண்டுபிடித்து எதிர்க்குண்டு வீசி நடுவழியிலேயே அழிப்பது நோக்கம். இது நடக்கக்கூடியதே. 1983ல் ‘த்ரோஸ்த்’ என்ற அமைப்பை டி-55ல் பொருத்தி இந்தத் துறையில் முதலில் இறங்கியதே சோவியத் யூனியன்தான். ஆனால் வினாடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும் ஈட்டியையும் இது தடுத்துவிடும் என்ற பேச்சுக்கு வெளிப்படையான ஆதாரம் எதுவும் வைக்கப்படவில்லை. நான் அதை நம்பவில்லை. இன்னொன்று படத்திலேயே தெரிகிறது. அந்தக் குழாய்கள் கிடையாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் பொருளுக்கு அவை என்ன செய்யும்? 2015ல் யாரும் இதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

இப்போது என்ஜின். என் பிழைப்பே அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். டி-72ல் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து விசை ஒரு இடைப் பல்சக்கரப் பெட்டி வழியாக இரண்டு பக்கமும் உள்ள கியர் பெட்டிகளுக்குப் போகும். அந்த இடைப்பெட்டியை ரஷ்யர்கள் ‘கித்தார்’ என்பார்கள். என்ஜினை மாற்றும்போது அதற்கும் கித்தாருக்கும் அச்சு நேராக இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் கொஞ்சம் பிசகினாலும் பல் தின்றுவிடும். தகட்டை வை, அள, எடு, வேறு தகட்டை வை, மறுபடி அள. ராஜஸ்தான் வெயிலில் ஸ்பானரைக் கைத்துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். ஒரு முழு நாள் போய்விடும், சில நேரம் இரவும் சேர்ந்து. மேற்கத்திய டாங்கிகளில் என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கட்டாக இருக்கும். கிரேன் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தூக்கி மாற்றலாம். பின்னோக்கி ஓடுவதும் அப்படித்தான். டி-72க்கு ஒரே ஒரு ரிவர்ஸ் கியர், மணிக்கு 4 கிலோமீட்டர் சொச்சம், மனிதன் நடக்கும் வேகம். அடிபட்டுப் பின்வாங்கும்போது டாங்கியைத் திருப்பி, மெல்லிய முதுகை எதிரிக்குக் காட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

அர்மாட்டா இந்த இரண்டையும் சரிசெய்ய வந்தது. என்ஜினும் கியரும் ஒரே கட்டு, முன்னும் பின்னும் ஒரே வேகம் என்பது திட்டம். அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது செல்யாபின்ஸ்க் நகரத் தொழிற்சாலையின் எக்ஸ் வடிவ டீசல். பன்னிரண்டு சிலிண்டர், மூன்று மூன்றாக நாலு வரிசை, இரண்டு மேலே, இரண்டு கீழே. நீளம் குறைவதால் முன்பக்கம் ஆட்களின் அறைக்கு இடம் கிடைக்கிறது. காகிதத்தில் 1,500 குதிரைத்திறன். ஆயுள் கருதி 1,200ல் ஓட்டுவதாகச் சொன்னார்கள். இணையத்தில் இது இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் என்ஜினின் நகல் என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்த ஜெர்மன் என்ஜின் பதினாறு சிலிண்டர், காற்றில் குளிர்வது. இது பன்னிரண்டு, நீரில் குளிர்வது. எக்ஸ் வடிவம் என்ற ஒற்றுமையை வைத்து நகல் என்று சொல்ல முடியாது. சோவியத் காலத்திலேயே செல்யாபின்ஸ்கில் தொடங்கிய சொந்த வேலை இது.

ஆனால் எக்ஸ் வடிவத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. கிராங்க் தண்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும் சிலிண்டர்களுக்குள், வண்டியை நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி வளையும். இதைத் தடுக்க வழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு வழியும் ஒரு கூடுதல் பம்ப், ஒரு கூடுதல் கவனம். கீழ் வரிசையில் ஒரு இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் என்ஜின் கட்டையே வெளியே தூக்காமல் கை போகாது. வெப்பமும் பெரிய பிரச்சினை, ஏனென்றால் சின்ன இடத்துக்குள் அதிகச் சக்தி. இதெல்லாம் தீர்க்க முடியாதவை என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான என்ஜின் செய்து, ஓட்டி, உடைத்து, திருத்தினால் தீரும். டி-34ன் வி-2 என்ஜினும் ஆரம்பத்தில் அற்ப ஆயுள்தான். போரில் பல்லாயிரக்கணக்கில் செய்துதான் அதைப் பழக்கினார்கள். எக்ஸ் என்ஜினுக்கு அந்த எண்ணிக்கை கிடைக்கவே இல்லை. இது என் கணிப்பு. ஆனால் அர்மாட்டாவின் தாமதத்துக்கு முதல் காரணம் என்ஜின் என்றே நினைக்கிறேன். 2015 மே மாத ஒத்திகையில் ஒன்று சிவப்புச் சதுக்கத்தில் நின்றுபோனதை வைத்துப் பலர் கேலி செய்தார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. மாதிரி வண்டி நிற்கும், அப்புறம் அது தானே ஓடியும் போனது.

இரண்டாவது காரணம் கண். டரட்டில் ஆள் இல்லை என்றால், டரட்டின் உயரத்திலிருந்து பார்ப்பதெல்லாம் கேமராவும் வெப்பக் காட்சிக் கருவியும்தான். அந்தக் கருவிகளில் ரஷ்யா எங்கே நின்றது? டி-90ஏ, டி-72பி3 டாங்கிகளின் இரவுப் பார்வைக்குப் பிரான்ஸின் தாலெஸ் நிறுவனத்தின் ‘கேத்தரின்’ வெப்பப் பட உணரிகளையே பயன்படுத்தினார்கள். 2014ல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்த பிறகு தடைகள் தொடங்கின, 2022க்குப் பிறகு கதவு முழுவதுமாக மூடியது. போரின் முதல் வருஷத்திலேயே டி-72பி3, டி-80 டாங்கிகளில் பழைய தரத்துச் சாதாரணப் பார்வைக் கருவியைப் பொருத்தி அனுப்பியது படங்களில் தெரிந்தது. இருக்கிற டாங்கிக்கே கண் தட்டுப்பாடு என்றால், உடம்பெல்லாம் கண்ணாக இருக்க வேண்டிய அர்மாட்டாவுக்கு எங்கே போவார்கள்?

மூன்றாவது பணம். இங்கே கணிப்பே தேவையில்லை, அவர்களே சொல்லிவிட்டார்கள். 2020க்குள் 2,300 என்பது முதல் திட்டம். எண்ணெய் விலையும் ரூபிளும் விழுந்தன. தயாரிப்பாளரான உரால்வகோன்சாவோத் கடனில் தவித்து, 2016 கடைசியில் அரசின் ரோஸ்டெக் கூட்டமைப்புக்குள் சேர்க்கப்பட்டது. 2018 ஜூலையில் துணைப் பிரதமர் யூரி போரிசோவ், டி-72க்கே சந்தையில் நல்ல கிராக்கி இருக்கும்போது படைகளை அர்மாட்டாவால் நிரப்ப வேண்டிய தேவை என்ன என்ற பொருளில் பேசினார். அடுத்த மாதம் போட்ட ஒப்பந்தத்தில் எண்ணிக்கை 132, அதுவும் டி-15 வண்டிகளையும் சேர்த்து. 2,300 எங்கே, 132 எங்கே. அந்த 132ம் சொன்ன நேரத்தில் வந்து சேரவில்லை.

போரில் அர்மாட்டா கலந்துகொண்டதா என்பதில் கவனமாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் ரஷ்ய அரசுச் செய்தி நிறுவனம், அது உக்ரைன் நிலைகள் மீது சுட்டதாகவும் நேரடித் தாக்குதலில் இறங்கவில்லை என்றும் எழுதியது. சில மாதத்தில் திரும்ப அழைத்துக்கொண்டதாக இன்னொரு செய்தி. அதன் தரம் மோசமாக இருந்ததால் ரஷ்யப் படைகளே ஏற்கத் தயங்கின என்று பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 2023 ஜனவரியில் சொன்னது. அது எதிர்த்தரப்பின் உளவுத்துறைக் குறிப்பு என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். சிரியாவில் ஒன்று அழிந்தது என்ற வதந்திக்கு ஒரு படம்கூட வந்ததில்லை, அதை ஒதுக்கிவிடலாம். எனக்குப் போதுமான சாட்சி ஒன்றே. 2024 மார்ச்சில் ரோஸ்டெக் தலைவர் செர்கேய் செமெசோவ், அர்மாட்டா திறனில் உயர்ந்ததுதான், ஆனால் மிக விலை அதிகம், ராணுவத்துக்கு டி-90 வாங்குவதே சுலபம் என்று வெளிப்படையாகச் சொன்னார். விற்கிற ஆளே இப்படிச் சொன்ன பிறகு வேறு விளக்கம் வேண்டாம். வெறும் காட்சிப் பொருள் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: வண்டி நிஜம், அதைச் செய்யும் உற்பத்தி வரிசைதான் கடைசிவரை உருவாகவில்லை.

அப்படியானால் ரஷ்யாவின் அடுத்த டாங்கி எது? நடைமுறையில் டி-90எம். 2020ல் படைக்கு வரத் தொடங்கியது. 1,130 குதிரைத்திறன் என்ஜின், ‘ரெலிக்த்’ எதிர்வெடிக் கவசம் (குண்டு பட்டதும் தானே வெடித்து அதன் வலுவைக் குறைப்பது), புதிய சுடுகட்டுப்பாடு. முக்கியமான மாற்றம் ஒன்று: மிச்சக் குண்டுகளில் ஒரு பகுதியை டரட்டுக்குப் பின்னால் தனிப் பெட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். கருங்கழுகின் யோசனையில் கால் பங்காவது இப்போதுதான் தரையிறங்கியிருக்கிறது. ஆனால் 22 குண்டு ராட்டினம் அப்படியே ஆட்களின் காலுக்கடியில் இருக்கிறது. கித்தாரும் அப்படியே, மெதுவான ரிவர்ஸும் அப்படியே. ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்கள் என்பதில் வல்லுநர்களின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்பதால் எண் சொல்லாமல் விடுகிறேன். இழப்பின் அளவு மட்டும் தெளிவு. படத்தோடு உறுதி செய்யப்பட்டு ரஷ்யா இழந்த டாங்கிகள் மூவாயிரத்தைத் தாண்டின. கிடங்கில் கிடந்த டி-62 2022லும், டி-54, டி-55 வகைகள் 2023லும் வெளியே வந்தன. ஓம்ஸ்கில் டி-80ஐ மீண்டும் புதிதாகச் செய்யும் பணி தரப்பட்டிருப்பதாகத் தயாரிப்பாளர் தலைமையே 2023ல் சொன்னது. வெள்ளத்தில் வீடு போய்க்கொண்டிருக்கும்போது புது மாடி கட்ட யாருக்கும் கை ஓடாது.

இதற்கிடையில் போர்முனையே மாறிவிட்டது. சில நூறு டாலர் டிரோன் மேலிருந்து வந்து டரட்டின் மெல்லிய கூரையில் இறங்குகிறது. அதற்கு அவர்கள் செய்த பதில் முதலில் கம்பிக் கூண்டு. 2024 ஏப்ரலில் தகரக் கொட்டகை மாதிரி முழு வண்டியையும் மூடிய ‘ஆமை டாங்கி’கள் தென்பட்டன. உள்ளே இருப்பவருக்கு முன்னால் ஒரு சந்து மட்டும் தெரியும், டரட் திரும்பாது. ஆனாலும் சிப்பாய்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். பார்க்க விசித்திரமாக இருந்தாலும், வெல்டிங் கையில் எடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் மனிதர்களைத்தான் நான் அதில் பார்க்கிறேன். அர்மாட்டாவின் கவச அறை இங்கே உதவுமா? உதவும், மேலே விழும் டிரோன் ஆளில்லாத டரட்டைத்தான் தாக்கும், மூன்று பேர் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வண்டி பிழைக்குமா என்பது வேறு. 2024 ஜனவரியில் அவ்தீவ்கா பக்கம் ஸ்தெபோவே கிராமத்தில் அமெரிக்கத் தயாரிப்பான இரண்டு பிராட்லி காலாட்படை வண்டிகள் ஒரு டி-90எம் டாங்கியை 25 மி.மீ. குண்டுகளால் மாறி மாறி அடித்த காணொளியைப் பாருங்கள். அந்தக் குண்டு முன்பக்கக் கவசத்தைத் துளைக்காது. பார்வைக் கருவிகள் நொறுங்கின, டரட் கட்டுப்பாடில்லாமல் சுழன்றது, குழு வண்டியை விட்டு இறங்கியது. அர்மாட்டாவில் இதே நடந்தால் கமாண்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவும் டரட்டின் உயரம் இல்லை.

இனி இந்தியா. நம்மிடம் உள்ள டி-72, டி-90 இரண்டிலும் பெரும்பகுதி ஆவடியில் கட்டப்பட்டவை. டி-90க்கு 2001ல் முதலில் 310க்கு ஒப்பந்தம் போட்டு, அதில் ஒரு பகுதியை அங்கேயே பொருத்தினார்கள். டி-72க்குப் பதிலாக வரவேண்டிய எதிர்கால டாங்கித் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் கொள்கை ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் அர்மாட்டாவை வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். தயாரித்த நாடே கூட்டமாக ஓட்டிப் பார்க்காத என்ஜினை நம் பாலைவன வெயிலில் நாம் ஓட்டிப் பழக்க வேண்டியிருக்கும், உதிரிபாகமோ போரில் சிக்கிய தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும். அதன் யோசனைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆளில்லாத டரட், முன்பக்கக் கவச அறை, தனியே பிரித்த குண்டு அறை ஆகிய மூன்றுக்கும் யாரும் காப்புரிமை கேட்கப்போவதில்லை. எனக்கு அதைவிட மகிழ்ச்சி தந்த செய்தி, 2025 மார்ச்சில் டி-72க்கு 1,000 குதிரைத்திறன் என்ஜின் வாங்க 248 மில்லியன் டாலருக்கு ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம். இப்போது இருப்பது 780. என்ஜின் செய்யும் தொழில்நுட்பமும் ஆவடிக்கு வருகிறது. மணல்மேட்டில் ஏற முடியாமல் இரைந்துகொண்டு நின்ற எத்தனையோ டி-72களுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். அவற்றை ஓட்டும் பையன்களுக்கு உடனே உதவப்போவது அந்த 220 குதிரைத்திறன்தான்.